உலகப் பண்பாட்டுக் கல்வி ஆசிரியரிடமிருந்து தொடங்கட்டும்

உலகப் பண்பாடுகளைக் கற்பிப்பது என்றாலே, பல பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு நாள் கொடிகளைத் தொங்கவிட்டு, பல நாட்டு உடைகளில் பிள்ளைகளை மேடையேற்றுவதோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த நாளின் மகிழ்ச்சியை நான் குறை சொல்லவில்லை. ஆனால், ஒரு சமூகத்தை அதன் திருநாள் கோலத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைக்கு, அந்த மக்கள் எதற்காகக் கவலைப்படுகிறார்கள், எதை நியாயம் என்று கருதுகிறார்கள் என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடுகிறது.

இந்த வகையில் பிரான்சும் ஜெர்மனியும் செய்த ஒரு காரியத்தை மிக உயர்வாக மதிக்கிறேன். 2003-இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர்கள், தங்களுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டார்கள். இரு நாட்டு ஆசிரியர்களும் சேர்ந்து எழுதிய அதன் முதல் தொகுதி, 1945-க்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது, 2006-இல் இரு மொழிகளிலும் ஒரே உள்ளடக்கத்தோடு வெளிவந்தது. இரு தரப்புப் பார்வைகளும் எங்கே வேறுபடுகின்றன என்பதை அந்நூல் மழுப்பாமல் தனிப் பகுதிகளில் எடுத்துக்காட்டுகிறது. எழுபது ஆண்டுகளில் மூன்று முறை போரிட்ட நாடுகள் இவை என்பதை நினைத்தால், அதை எழுத உட்கார்ந்த ஆசிரியர்கள் தங்களுக்குள் எவ்வளவு விவாதித்திருப்பார்கள் என்பது புரியும். என் பார்வையில் அந்த விவாதமே முதல் பாடம்.

பல நாட்டுப் பள்ளிகளை இணைக்க யுனெஸ்கோ 1953-இல் தொடங்கிய இணைப்புப் பள்ளிகள் திட்டமும், ஐரோப்பாவில் 2005 முதல் வகுப்புகளை இணையவழி இணைக்கும் ஈட்வின்னிங் திட்டமும், இத்தகைய விவாதம் வகுப்பறைகளுக்குள்ளும் நடக்க வழி திறந்து வைத்திருக்கின்றன. அப்படி இணையும் இரண்டு வகுப்புகள், "உங்கள் பண்டிகை என்ன?" என்பதோடு நிற்காமல், "ஆசிரியர் தவறாகச் சொன்னால் கையை உயர்த்திச் சொல்வீர்களா?" என்றும் கேட்டுக்கொள்ளலாம். ஒரு வகுப்பு அதை நேர்மை என்று சொல்லும். மற்றொன்று மரியாதைக் குறைவு என்று தயங்கும். அப்போது மாணவர்கள் தங்கள் ஆசிரியரைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தப் பார்வைக்கு முகங்கொடுக்க ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும். வெளிநாட்டு வகுப்பறையில் சில வாரங்கள் பாடம் நடத்தும் வாய்ப்பு, மாணவர்களை அனுப்பும் முன்பே அவருக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு நிதியில்லாத பள்ளிகளில்கூட, இரு ஆசிரியர்களும் அதே கேள்விக்கான தங்கள் பதில்களை முதலில் தமக்குள் பரிமாறிக்கொண்டு, அதன் பிறகு வகுப்புகளை இணைக்கலாம்.