விழா அட்டவணையில் குறும்படத் தொகுப்புகளை முதலில் குறியுங்கள்

திரைப்பட விழா அட்டவணை கைக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் வட்டமிடுவது பேர்பெற்ற இயக்குநர்களின் முழுநீளக் கதைப்படங்களைத்தான். அவற்றில் பல சில மாதங்களில் திரையரங்குக்கோ ஓடிடிக்கோ வந்துவிடும். ஆவணப்படங்களும் குறும்படங்களும் அப்படியல்ல. பெரிய திரையில், நல்ல ஒலியோடு, முழு அரங்கோடு சேர்ந்து பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் அந்த ஒரு முறைதான். அதனால் அட்டவணையை இந்த இரண்டு பிரிவுகளிலிருந்து நிரப்பத் தொடங்குங்கள். மிஞ்சும் நேரத்தைக் கதைப்படங்களுக்குக் கொடுக்கலாம்.

இந்த வடிவங்களுக்கென்றே நடக்கும் விழாக்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழா 1954இல் தொடங்கியது. 1962இல் 26 இளம் படைப்பாளிகள் கையெழுத்திட்டு, பழைய சினிமா செத்துவிட்டது என்று அறிவித்ததும் அங்கேதான். ஆம்ஸ்டர்டாமின் ஆவணப்பட விழா 1988இலும், ஜப்பானின் யமகட்டா விழா 1989இலும், மும்பையின் ஆவணப்பட, குறும்பட விழா 1990இலும் தொடங்கின. இவற்றின் பழைய அட்டவணைகள் இணையத்தில் கிடைத்தால் பாருங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை வைக்கிறார்கள் என்பதே ஒரு பாடம்.

விழாக் கையேட்டில் கதைச்சுருக்கத்தைவிட முதலில் கவனிக்கவேண்டியது படத்தின் நீளம். 52 நிமிடம் என்று போட்டிருந்தால் அது தொலைக்காட்சியின் ஒரு மணி நேர இடத்துக்காக வெட்டப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். 26 நிமிடம் என்றால் அரை மணி நேர இடத்துக்கு. இப்படிப்பட்ட ஆவணப்படங்களுக்கு 80, 90 நிமிட நீளத்தில் இன்னொரு வடிவம் இருப்பதும் உண்டு. இரண்டும் கிடைத்தால் நீண்டதைப் பாருங்கள். சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது மௌனமும் காத்திருப்பும்தான். குறும்படத்துக்கு ஆஸ்கர் விதி, பெயர்ப்பட்டியலையும் சேர்த்து 40 நிமிடம்; பல விழாக்கள் அதைவிடக் குறைந்த வரம்பு வைக்கின்றன. சுருக்கத்தைப் படிக்கும்போது, ‘நெஞ்சை உலுக்கும்’, ‘காலத்தின் தேவை’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, யார், எங்கே, எதைச் செய்கிறார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடுங்கள். அது இல்லாத படத்தை நான் இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

நேரக் கணக்கில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 85 நிமிட ஆவணப்படம் என்றால் அரங்கிலிருந்து வெளியே வர 115 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்: அறிமுகமும் தாமதமுமாகப் பத்து, பிறகு இயக்குநரோடு உரையாடல் இருபது. அட்டவணையில் இந்த உரையாடல் நேரம் பல சமயம் சேர்க்கப்பட்டிருக்காது. அடுத்த படம் வேறு அரங்கில் என்றால் வரிசையில் நிற்கவும் சேர்த்து அரை மணி நேர இடைவெளி வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று திரையிடல், தாங்குமென்றால் நான்கு. ஐந்தாவதில் கண் திரையில் இருக்கும், மனம் இருக்காது. போர், சாவு, வதை பற்றிய இரண்டு ஆவணப்படங்களை அடுத்தடுத்து வைக்காதீர்கள். இரண்டாவதில் வரும் மனிதர்கள் முதலாவதன் தொடர்ச்சிபோல மரத்துத் தெரிவார்கள். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். நடுவே ஒரு குறும்படத் தொகுப்பை வையுங்கள்.

இருக்கையைத் தேர்வதில் சப்டைட்டிலை மனத்தில் கொள்ளுங்கள். எழுத்து திரையின் அடிவிளிம்பில் வரும். தரை சரிவில்லாத அரங்கில் முன்னால் இருப்பவரின் தலை அதை மறைத்துவிடும். அங்கே நடைபாதையை ஒட்டிய இருக்கை நல்லது. சரிவான அரங்கில், திரையிலிருந்து அரங்கின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கும் பாதித் தொலைவுக்கும் நடுவே உட்கார்ந்தால் படமும் எழுத்தும் ஒரே பார்வையில் அடங்கும். சில விழாக்களில் மொழிபெயர்ப்பு, திரைக்குக் கீழே தனிப் பட்டையில் ஓடும். அதை ஒருவர் கையால் நகர்த்துவதால் வேகமான பேச்சில் ஓரிரு வரி முந்தும், பிந்தும். அப்போது எழுத்தைத் துரத்தாமல் பேசுபவரின் முகத்தைப் பாருங்கள்.

குறும்படத் தொகுப்பு என்பது ஐந்து முதல் எட்டுப் படங்கள், மொத்தம் 75 முதல் 100 நிமிடம். நடுவே விளக்கு போடமாட்டார்கள். சில விநாடி இருட்டு, அவ்வளவுதான். இதில் உண்மையான சிக்கல் நினைவு. முதல் படமும் கடைசிப் படமும் தங்கிவிடும்; மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, மறுநாள் காலை ஒரே படமாகிவிடும். தொகுப்பாளர்கள் வலுவான படத்தைக் கடைசியில் வைப்பது வழக்கம் என்பதால் நடுப்படங்கள் இன்னும் அடிபடும். அமைதியான, மெதுவான படங்கள் பெரும்பாலும் அந்த நடுவில்தான் இருக்கும்.

இதற்கு வழி, சிறிய தாள் நோட்டு. படத்துக்கு ஒரு பக்கம். பெயர்ப்பட்டியல் ஓடும்போது மூன்றே குறிப்பு: ஒரு காட்சி, ஒரு ஒலி, படம் எங்கே முடிந்தது. இருட்டில் எழுதுவதால் எழுத்து பெரிதாக, கோணலாக இருக்கட்டும். ஒரே பக்கத்தில் இரண்டு படத்தை எழுதினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். செல்பேசியில் எழுதாதீர்கள். வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தாலும் பின்வரிசை முழுவதற்கும் அது தெரியும். அன்றிரவே அந்த மூன்று குறிப்பை ஐந்தாறு வரியாக விரித்துவிட வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் ‘கதவு, தண்ணீர்ச் சத்தம்’ என்று எழுதியிருப்பது எந்தப் படம் என்றே தெரியாது. பார்வையாளர் விருதுக்கு வாக்குச்சீட்டு கொடுத்தால், கலந்துரையாடலுக்கு முன்பே மனத்துக்குள் மதிப்பெண்ணை முடிவு செய்துவிடுங்கள். இயக்குநர் இனிமையாகப் பேசினால் படத்துக்கு ஒரு மதிப்பெண் கூடிவிடுவது இயல்பு.

ஆவணப்படம் பார்ப்பது வேறு விதமான வேலை. என்ன சொல்கிறது என்பதோடு, இது எப்படிப் படமாயிற்று என்ற கேள்வியும் கூடவே ஓட வேண்டும். ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருகிறார், கேமரா ஏற்கெனவே உள்ளே நிற்கிறது என்றால் அந்த வருகை முன்கூட்டிப் பேசிவைக்கப்பட்டதாக இருக்கலாம். பேட்டியின் நடுவே திடீரென்று கைகளோ ஜன்னலோ காட்டப்பட்டால், பல சமயம் அங்கே பேச்சு வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எதை விட்டார்கள் என்று யோசிக்கலாம். தூரத்தில் நடப்பவரின் காலடி காதருகே கேட்டால், அவர் சட்டையில் மைக் இருக்கிறது, அல்லது அந்த ஓசை பிறகு சேர்க்கப்பட்டது. இவை எல்லாம் ஏமாற்று என்று சொல்லவரவில்லை. ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் வெளிச்சமும் போதாததால் ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்டவைத்தே உட்காட்சிகளை எடுத்தார்கள். துப்பாக்கி பழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில், பழைய முறைப்படி ஈட்டியால் வேட்டையாடவைத்தார்கள். முதல் கட்டாயம் கேமராவுடையது. இரண்டாவது இயக்குநரின் விருப்பம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எந்த ஆவணப்படத்தையும் நியாயமாக எடைபோடலாம்.

திரையிடலில் கோளாறு வரும். முகங்கள் உருண்டு அகன்றோ ஒடுங்கி நீண்டோ தெரிந்தால் படத்தின் அகல உயர விகிதம் தவறாக வைக்கப்பட்டிருக்கிறது. இசை ஓங்கி, பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டால், பேச்சைத் தாங்கும் நடு ஒலிபெருக்கியில் கோளாறு இருக்கலாம். சப்டைட்டில் வரவில்லையென்றால் சப்டைட்டில் இல்லாத கோப்பைத் தேர்ந்திருக்கலாம். எதுவானாலும் முதல் இரண்டு நிமிடத்துக்குள் எழுந்துபோய் வாசலில் இருக்கும் தன்னார்வலரிடம் சொல்லுங்கள். அப்போது மறுபடி தொடக்கத்திலிருந்து போடுவார்கள். இருபது நிமிடம் கழித்துச் சொன்னால், அடுத்த காட்சியின் நேரம் இடிக்கும் என்று தயங்குவார்கள். யாராவது சொல்லியிருப்பார் என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பதுதான் வழக்கம். கடைசி நேரத்தில் படம் மாறுவதற்கும் காரணம் உண்டு. பூட்டப்பட்ட டிஜிட்டல் பிரதியைத் திறக்கும் சாவிக்கோப்பு, அரங்கில் படத்தை ஓட்டும் குறிப்பிட்ட கணினிக்கும் (சர்வர்) குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே செல்லும். அரங்கை மாற்றினால் புதுச் சாவி வரும்வரை படம் திறக்காது. ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றைக் குறித்து வைத்திருங்கள்.

கலந்துரையாடலில் ‘இந்தப் படத்தின் செய்தி என்ன’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எத்தனை மணி நேரம் படம்பிடித்தீர்கள், கேமராவை எப்போது முதலில் வெளியே எடுத்தீர்கள், படத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டார்களா, எதையாவது நீக்கச் சொன்னார்களா: இவற்றுக்குத்தான் உள்ளபடி பதில் கிடைக்கும். குறும்படத் தொகுப்பு முடிந்து நான்கு இயக்குநர்கள் மேடையில் நின்றால், கேள்விகள் கடைசிப் படத்தைச் சுற்றியே குவியும். நோட்டைப் புரட்டி, மூன்றாவது படத்தை எடுத்தவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்.

பிடித்த படத்தை மறுபடி தேட வேண்டுமானால் விழாவின் ஆங்கிலத் தலைப்பு மட்டும் போதாது; அது நாட்டுக்கு நாடு மாறக்கூடும். மூலமொழித் தலைப்பு, இயக்குநர் பெயர், ஆண்டு, விநியோகம் அல்லது தயாரிப்பு நிறுவனம், இந்த நான்கையும் கையேட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். முதல் திரையிடல் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று பல விழாக்கள் கேட்பதால், குறும்படங்கள் விழாச் சுற்று முடியும்வரை இணையத்துக்கு வருவதில்லை. அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பிறகு சில, இயக்குநரின் சொந்தப் பக்கத்தில் அறிவிப்பில்லாமல் ஏறியிருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பெயர்களைத் தேடிப்பாருங்கள்.