மின்னலின் மேற்பாதி

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஹள்ளி செல்லும் சாலையை ஒட்டி எங்கள் கொல்லை இருக்கிறது. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலையானால் பஞ்சப்பள்ளி மலைகளுக்குப் பின்னால் கருமேகம் திரளும். அப்பா மேகத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார். கயிற்றுக் கட்டிலின் தலைமாட்டில் இருக்கும் டிரான்சிஸ்டரைத்தான் கேட்பார். மத்திய அலையில் நிலையம் எதுவும் கிடைக்காத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, ‘கர்ர்’ என்ற ஒலி எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று கவனித்து, “இன்னும் முக்கால் மணி நேரம் இருக்குது, தக்காளிக் கூடையெல்லாம் உள்ளே எடுத்து வெச்சிடு” என்பார். பெரும்பாலும் அவர் கணக்குத் தப்பாது. ஒருமுறை தப்பியபோது நனைந்த கூடைகளைப் பற்றி அம்மா இன்றும் சொல்லிக்காட்டுவதுண்டு.

சென்ற வாரம் வகுப்பில் நிலைமின்னியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, “சார், மின்னல் கீழே மட்டும்தான் வருமா? மேலே போகாதா?” என்று கேட்டாள். மேகத்துக்குள் பாய்வதையும் மேகத்திலிருந்து தரைக்கு இறங்குவதையும் படம் வரைந்து காட்டிய பாடநூல், மேகத்துக்கு மேலே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடை, உம்ரான் இனான் என்ற மின்பொறியியலாளரின் வேலை.

இனான் துருக்கியில் பிறந்தவர். அங்காராவில் படித்துவிட்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்று, ராபர்ட் ஹெல்லிவெல்லிடம் ஆய்வு செய்து 1977-இல் முனைவர் பட்டம் பெற்றார். மின்னலை ஆராய்ந்தவர் என்றதும் கேமராவும் கையுமாக நின்றவர் என்று நினைக்கத் தோன்றும். அவருடைய முதன்மைக் கருவியோ அப்பாவின் டிரான்சிஸ்டருக்கு அண்ணன் முறை ஆக வேண்டியது: ஒரு கம்பிச் சுருள், ஒரு பெருக்கி, நேரத்தைத் துல்லியமாகக் குறிக்கும் ஒரு கடிகாரம். மின்னல் வெளியிடும் வானொலி ஆற்றலில் பெரும்பங்கு சில ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவிலான மிகத்தாழ் அதிர்வெண்களில்தான் இருக்கிறது. மத்திய அலையில் நாம் கேட்கும் கரகரப்பு அதன் ஓரத்துச் சிதறல் மட்டுமே.

இந்தத் தாழ் அதிர்வெண் அலைகள், தரைக்கும் வானில் சுமார் 70 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கும், காற்று மின்னூட்டம் பெற்றிருக்கும் அடுக்கான அயனி மண்டலத்துக்கும் இடையே மாறி மாறி எதிரொலித்தபடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடியவை. கடல்நீருக்குள்ளும் ஓரளவு இறங்கும் என்பதால் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பக் கடற்படைகள் இவற்றைப் பயன்படுத்துகின்றன. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் அத்தகையதுதான். இடைவிடாமல் ஒரே சீராக வரும் அந்த ஒலிபரப்பை நெடுந்தூரத்தில் அமர்ந்து அளந்துகொண்டிருந்தால், நடுவழியில் அயனி மண்டலத்தின் அடித்தளம் சற்றே மாறினாலும் அலையின் வீச்சிலும், அதன் ஏற்ற இறக்கம் வந்து சேரும் நேரமான கட்டத்திலும் அது தெரிந்துவிடும். எவருக்கோ அனுப்பும் இரகசியச் செய்தியின் பொருள் இங்கே தேவையே இல்லை. அது வந்து சேரும் விதம் போதும்.

இனானும் அவருடைய குழுவினரும் அப்படி அளந்தபோது இரண்டு வகையான அதிர்ச்சிகள் பதிவாயின. ஒன்று, மின்னல் வெட்டியபின் ஏறத்தாழ ஒரு நொடி தாமதித்து வருவது. அதன் காரணம் வியப்பானது: மின்னலின் வானொலி ஆற்றலில் ஒரு பகுதி அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு வெளியேறி, பூமியின் காந்தப்புலக் கோடுகள் வழியே பூமியைச் சூழ்ந்திருக்கும் மின்னேற்றத் துகள்களின் வளையங்களான வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளுக்குச் சென்று, அங்கே சுழன்றுகொண்டிருக்கும் எலக்ட்ரான்களில் சிலவற்றைத் தடம் மாற்றிக் கீழே விழச் செய்கிறது, அவை வந்து மோதும்போது அயனி மண்டலம் அதிர்கிறது. மற்றொன்று, மின்னல் வெட்டிய 20 மில்லிநொடிக்குள்ளாகவே தோன்றுவது. அவ்வளவு குறுகிய நேரத்தில் அந்த நெடும்பயணத்துக்கு இடமில்லை. ஆகவே, மின்னலே நேரடியாக மேலே ஏதோ செய்கிறது என்றாகிறது. என் பார்வையில், அவருடைய ஆய்வின் அழகு முழுவதும் இந்த ஒரு நொடிக்கும் 20 மில்லிநொடிக்கும் இடையிலான வேறுபாட்டை விடாமல் பற்றிக்கொண்டதில்தான் இருக்கிறது.

1991-இல் அவருடைய குழு வெளியிட்ட கணக்கின்படி, வலுவான மின்னலிலிருந்து எழும் மின்காந்தத் துடிப்பு சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் எலக்ட்ரான்களைச் சூடேற்றும். சூடேறியவை நைட்ரஜன் மூலக்கூறுகளில் மோதினால் ஒளியும் பிறக்க வேண்டும். விண்வெளி ஓடத்திலிருந்து 1990-இல் எடுத்த காணொளி ஒன்றில் அப்படி ஓர் ஒளிர்வு பதிவாகியிருந்தது. 1995-இல் ஃபுகுனிஷி தலைமையிலான ஜப்பானியக் குழு அமெரிக்காவின் கொலராடோவில் இருந்து அதைத் தெளிவாக அளந்தது. ‘எல்வ்ஸ்’ என்ற பெயரும் அமைந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்து, ஒரு மில்லிநொடிக்குள் மறைந்துவிடும் ஒளிவளையம் அது, வெறுங்கண்ணுக்குச் சிக்காது.

அந்த வளையம் ஒளியைவிட வேகமாக விரிவதாகத் தோன்றும் என்றும் இனானின் கணக்கு சொன்னது. இதை வகுப்பில் சொன்னதும் பின் வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஏரியை வைத்துத்தான் விளக்கினேன். நேராகக் கட்டிய ஏரிக்கரைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீரில் ஒரு கல் விழுகிறது. வட்டமாக விரியும் அலை, கரையில் தனக்கு மிக அருகில் உள்ள இடத்தை முதலில் தொடும். பிறகு அந்தத் தொடுமிடம் கரை நெடுக இரு பக்கமும் விலகி ஓடும். அது ஓடும் வேகம் அலையின் வேகத்தைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். கரையோடு எந்தப் பொருளும் ஓடவில்லை, அலை அடுத்தடுத்த இடங்களைத் தொடுகிறது, அவ்வளவுதான். கல் விழுந்த இடத்தில் மின்னலையும், கரையின் இடத்தில் அயனி மண்டலத்தையும் வைத்துக்கொள்ளலாம். கொலராடோவில் பல ஒளி உணரிகளை வரிசையாகப் பொருத்தி, ‘ஈயின் கண்’ என்று பெயரிட்ட கருவியைக் கொண்டு அந்த விரிவை இனானின் குழுவினர் அளந்து, 1997-இல் வெளியிட்டார்கள்.

ஆசிரியன் என்ற முறையில் எனக்குப் பொறாமை தருவது வேறொன்று. அவருடைய குழு, கொலராடோ, வயோமிங், நியூ மெக்சிகோ மாநிலங்களின் உயர்நிலைப் பள்ளிகளில் இந்த மிகத்தாழ் அதிர்வெண் வானொலி வாங்கிகளை வரிசையாக நிறுவியது. பின்னர் ‘ஆசம்’ என்ற பெயரில் அதே வகைக் கருவிகள் பல நாடுகளுக்குச் சென்றன. இந்தியாவில் அலகாபாத், வாரணாசி, நைனிடால் ஆகிய இடங்களில் அவை அமைந்தன. திருநெல்வேலியிலிருந்து கிளம்பும் கட்டபொம்மன் அலையை அலகாபாத்தில் அளந்து ஆராய்கிறார்கள். கருவி வைக்க மின்கம்பி இரைச்சல் குறைந்த ஒதுக்குப்புறம் வேண்டும். எங்கள் பள்ளிக்கோ சுற்றுச்சுவரை ஒட்டியே மின்மாற்றி நிற்கிறது.

சனிக்கிழமை மாலை அந்த மாணவி தன் தம்பியோடு எங்கள் கொல்லைக்கு வந்திருந்தாள். பஞ்சப்பள்ளிப் பக்கம் வெட்டிக்கொண்டிருந்தது. இடியோசை இன்னும் எட்டவில்லை. அப்பா முள்ளை நிறுத்திக் கொடுத்தார். தம்பி மின்னலைப் பார்த்துக் கை தூக்க, அவள் கண்ணை மூடிக்கொண்டு கரகரப்பைக் கேட்டு நோட்டில் கோடு போட்டாள். கால் மணி நேரத்தில் அவன் எண்ணியது 23, அவள் எண்ணியது 61. “மிச்சமெல்லாம் எங்கே வெட்டுது, தாத்தா?” என்று அவள் கேட்டாள். அப்பா மலையைத் தாண்டிக் கையைக் காட்டிவிட்டு, கூடைகளை உள்ளே எடுக்கச் சொன்னார்.