சம்ப்புல என்ன தண்ணி இருக்குன்னு மீனுக்குத்தான் முதல்ல தெரியும்

போன வருஷம் மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, வழக்கம்போல டேங்க்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி மாத்திட்டு, ஓஸ் பைப்ப சுருட்டி வச்சுட்டு, காபி எடுத்துட்டு வந்து டேங்க் முன்னாடி உக்காந்தேன். ரெண்டு வாய் குடிச்சிருப்பேன். எல்லோ லேப்ங்கற மஞ்ச மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, டெமசோனிங்கற இன்னொரு வகை மீன் ஒண்ணு போய்ப் போய் கல்லுல ஒரசுது, எப்பவும் எவனையாவது தொரத்திக்கிட்டே இருக்குற பெரிய ஆண் மீன் ஃபில்டர் பைப்புக்குப் பின்னாடி போய் அசையாம நிக்குது, செவுள் மட்டும் படபடன்னு அடிச்சுக்குது. என்னடா இதுன்னு பக்கெட்ல மிச்சம் இருந்த தண்ணிய மோந்து பாத்தேன். நீச்சல் குளம் வாசனை.

நான் இருக்குறது மடிப்பாக்கம் பக்கம், அபார்ட்மென்ட்ல முழுக்க போர் தண்ணி. போர் தண்ணில குளோரின் கிடையாதுன்னு ஆன்டி குளோரின் பாட்டில் வாங்குறதையே நான் நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு. கீழ ஓடிப்போய் வாட்ச்மேன் அண்ணாகிட்ட கேட்டா, "சார், போர் மோட்டார் சனிக்கிழமையே காயில் போச்சு, லாரி தண்ணி விட்டிருக்கோம், சம்ப்ப கழுவி ப்ளீச்சிங் பவுடரும் போட்டாச்சு, தண்ணி சுத்தமா இருக்கு சார்"ன்னு பெருமையா சொன்னாரு. அவர் மேல தப்பு சொல்ல முடியாது, முப்பது வீட்டு மனுஷங்களுக்கு அது நல்ல வேலை, நாலாவது மாடில ஒருத்தன் இருநூறு சொச்சம் லிட்டர்ல ஆப்பிரிக்கா மீன் வளக்குறான்னு அவருக்கு என்ன தெரியும்.

இந்த இடத்துல கொஞ்சம் பின்னாடி போய் சொன்னாத்தான் புரியும். என்கிட்ட இருக்குறதெல்லாம் ஆப்பிரிக்காவோட மலாவி ஏரில வாழுற சிக்லிட் வகை மீனுங்க. அத வாங்குனா முதல்ல எல்லாரும் சொல்றது பிஎச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு. பிஎச் எட்டுக்கு மேல இருக்கணும், ஹார்ட் வாட்டர் வேணும், உப்பு போடு, அந்த பவுடர் போடு, இந்த பஃபர் போடுன்னு. நானும் ஆரம்பத்துல டெஸ்ட் கிட் வாங்கிட்டு வந்து குழாய்த் தண்ணிய டெஸ்ட் பண்ணா 7.3 காட்டுச்சு. அய்யோ பத்தாதேன்னு அம்மா ஆப்பத்துக்கு வச்சிருந்த சோடாவ ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டேன், அம்மா "மீனுக்கு எதுக்குடா ஆப்ப சோடா"ன்னு கேட்டப்போ பெரிய சயின்டிஸ்ட் மாதிரி வெளக்கம் வேற. மறுநாள் டெஸ்ட் பண்ணா கிட்டோட கடைசி கலர், 8.8. அதுக்கு மேல கிட்டுல கலரே இல்ல.

அப்புறம்தான் விஷயம் புரிஞ்சுது. பூமிக்கு அடில இருந்து வர்ற தண்ணில கார்பன் டை ஆக்சைடு நெறைய கரைஞ்சிருக்கும், சோடா பாட்டில் மாதிரின்னு வச்சுக்கோங்க, அந்த கேஸ் உள்ள இருக்குற வரைக்கும் பிஎச் கம்மியாத்தான் காட்டும். அதே தண்ணிய ஒரு பக்கெட்ல புடிச்சு ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டுட்டு டெஸ்ட் பண்ணேன், எதுவுமே போடாம 8.2. அதாவது மலாவிக்கு வேண்டிய பிஎச் என் வீட்டு குழாய்லயே இருந்திருக்கு, நான்தான் அவசரப்பட்டு சோடாவ அள்ளிக் கொட்டியிருக்கேன். புதுசா ஆரம்பிக்குறவங்க வேற எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இந்த பக்கெட் டெஸ்ட்ட பண்ணுங்க, செலவே இல்ல.

பிஎச்ச விட முக்கியம் கேஎச். தண்ணில இருக்குற பைகார்பனேட் அளவுன்னு சொல்லலாம், இதுதான் பிஎச்ச ஒரு எடத்துல புடிச்சு வச்சுக்குறது. மீன் கழிவை ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியா மாத்தும்போது ஆசிட் உண்டாகும், அந்த ஆசிட்ட கேஎச் தின்னுக்கிட்டே இருக்கும், அது தீந்துட்டா பிஎச் ஒரே ராத்திரில பொத்துன்னு விழும். டெஸ்ட் ரொம்ப சுலபம், அஞ்சு மில்லி தண்ணில சொட்டு சொட்டா விட்டு நீலம் மஞ்சளா மாறுற வரைக்கும் எண்ணணும், ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி. மலாவி ஏரில ஆறு ஏழு சொட்டுலயே மாறிடும். என் போர் தண்ணிக்கு பதினாலு! ஏரியவிட என் குழாய்த் தண்ணி கடினம், இதுல மேல மேல பவுடர் போட்டா என்ன நியாயம். ஏரி தண்ணி நல்ல தண்ணி சார், கடல் இல்ல, உப்பு போடுன்னு கடைல சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. அதுவும் நமக்குக் கிடைக்குற மீன் பாதிக்கு மேல கொளத்தூர் பக்கம் தொட்டில பொரிச்சு வளந்ததுதான், மலாவிய அதுங்க தாத்தா கூட பாத்திருக்காது.

தண்ணி நெஜமாவே மென்மையா இருக்குற ஊர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. நூறு லிட்டருக்கு மூணு கிராம் ஆப்ப சோடா போட்டா கேஎச் ஒரு டிகிரி ஏறும். கால்சியம் மெக்னீசியம் அளவான ஜிஎச் ஏத்தணும்னா பேதி உப்பு, அதாங்க எப்சம் சால்ட், நூறு லிட்டருக்கு நாலரை கிராம் போட்டா கிட்டத்தட்ட ஒரு டிகிரி. இதயும் நேரா டேங்க்ல கொட்டாம, புதுசா ஊத்தப்போற தண்ணில கலந்து ஊத்துங்க. பேக்கிங் பவுடர் வேற சாமான், அதுல ஆசிட்டும் சேத்துத்தான் வரும், அத போட்டுடாதீங்க. கிளிஞ்சல், கோரல் துண்டு எல்லாம் ஃபில்டர்ல போடுறாங்க, தப்பில்ல, ஆனா பிஎச் எட்டத் தாண்டி இருக்குற கடினமான தண்ணில அது பெருசா கரையாது, சும்மா அழகுக்குக் கெடக்கும்.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். குளோரின்னு தெரிஞ்சதும் முதல் வேலையா ஏர் பம்ப் ரெண்டையும் ஃபுல்லா வச்சேன், பழைய டப்பா ஒண்ணுல ஹைப்போ கல்லு கொஞ்சம் இருந்துச்சு, போட்டோ கழுவ யூஸ் பண்ணுவாங்களே அந்த சோடியம் தயோசல்பேட்தான், தண்ணில கரைச்சு ஊத்துனேன். குளோரின் அடங்கிடுச்சு, ஒரு மணி நேரத்துல மூச்சு வாங்குறது கொறஞ்சுது. ஒரு டெமசோனி மட்டும் சாயங்காலம் போயிடுச்சு. இந்த இனம் முட்டைய வாய்லயே வச்சுத்தான் பொரிக்கும், அப்படி வாய்ல வச்சிருந்த எல்லோ லேப் பொண்ணு, பதினோராவது நாளு அன்னைக்கு, மொத்தத்தையும் துப்பிட்டா. மஞ்சக்கரு ஒட்டிக்கிட்டு இருக்குற, வால் மட்டும் மொளைச்ச குஞ்சுங்க, மணல்ல ஆரஞ்சு கலர்ல சிதறிக் கெடந்துச்சு, மத்த மீனுங்க அன்னைக்கு இருந்த நெலமைல அதத் திங்கக்கூட வரல.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. குளோரின் மீனோட செவுள மட்டும் சுடாது, ஃபில்டர்ல இருக்குற பாக்டீரியாவையும் கொன்னுடும், அது ப்ளீச்சிங் பவுடரோட வேலையே அதானே. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவ மாத்த ஆளில்ல, செவ்வாய்க்கிழமை அத டெஸ்ட் பண்ணா கலர் பச்சை, 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். இங்கதான் சிக்லிட் வளக்குறவன் பயப்படணும். டெஸ்ட் கிட் காட்டுற அம்மோனியா எல்லாமே விஷம் கெடையாது, அது ரெண்டு ரூபத்துல இருக்கும், அமோனியமா இருக்குறது பெருசா ஒண்ணும் பண்ணாது, அம்மோனியாவாவே இருக்குறதுதான் ஆளத் தூக்கும். எது எவ்ளோன்னு தீர்மானிக்குறது பிஎச்சும் சூடும். நம்ம ஊர் 27 டிகிரி தண்ணில பிஎச் 7 இருந்தா நூத்துல ஒரு பங்கு கூட விஷம் தேறாது, அதே தண்ணி 8.2 ஆனா நூத்துல ஒம்பது பங்கு. பிஎச் 7 தண்ணில கப்பி மீன் வளக்குறவன் 1 பிபிஎம்ம பாத்துட்டு நாளைக்குப் பாத்துக்கலாம்னு தூங்கலாம், என்னால முடியாது.

ஒருத்தர் போன்ல "வினிகர் ஊத்தி பிஎச்ச எறக்கிடு"ன்னாரு. கணக்குப்படி சரிதான். ஆனா பதினாலு டிகிரி கேஎச் இருக்குற தண்ணில எறங்கணும்னா எக்கச்சக்கமா ஊத்தணும், ஏற்கெனவே செவுள் வெந்து போன மீனுக்கு அது ரெண்டாவது அடி. அதுக்கு பதிலா அஞ்சு நாளு சாப்பாட நிறுத்திட்டேன், என் மீனெல்லாம் மபுனான்னு சொல்ற, பாறைல பாசிய சொரண்டித் தின்னு வாழுற சிக்லிட் இனம், அஞ்சு நாள் பட்டினில ஒண்ணும் ஆகாது, பாக்குற நமக்குத்தான் மனசு கேக்காது. தெனம் இருவது பர்சன்ட் தண்ணி, பக்கத்துத் தெருல தனி வீட்டு போர்ல கேன் கேனா புடிச்சு நாலு மாடி தூக்குனேன், லிஃப்ட் இருக்கு, ஆனா கேனோட வந்தா ஒழுகும்னு மொறைக்குறாங்க. கொளத்தூர் நண்பன் அவன் டேங்க்ல ஓடிட்டு இருந்த அழுக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர புடுங்கி ஈர துணில சுத்தி குடுத்தான். அந்த அழுக்குதான் மருந்து, செத்துப்போன பாக்டீரியாவுக்கு பதில் அதுலதான் உயிரோட இருக்கு. பத்து நாள்ல அம்மோனியா சீரோ, நடுவுல, பாக்டீரியா அம்மோனியாவ மாத்தும்போது வர்ற நைட்ரைட்ங்கற அடுத்த விஷம் கொஞ்சம் ஏறி எறங்குச்சு, நம்ம போர் தண்ணில குளோரைடு அதிகம், அது செவுள்ல நைட்ரைட்ட உள்ள விடாம தடுக்கும்ங்கறதால அதுக்கு பெருசா அலட்டிக்கல. வருஷம் பூரா உப்புத் தண்ணின்னு திட்டுறோம், அன்னைக்கு ஒதவுச்சு.

இவ்ளோத்துக்கும் அன்னைக்குக் காலைல ரெண்டு செகண்ட் செலவு பண்ணிருந்தா தப்பிச்சிருக்கலாம். வீட்ல ஆர்ஓ பாக்க வாங்குன டிடிஎஸ் பேனா, தண்ணில மொத்தம் எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு நம்பர் காட்டுமே அது, டிராயர்லயே இருந்துச்சு. என் போர் தண்ணி எப்பவும் 900 பக்கம் நிக்கும், அந்த லாரி தண்ணி பிறகு பாத்தப்போ 380. டிடிஎஸ் பேனாவ நம்பாத, அது தண்ணில என்ன இருக்குன்னு சொல்லாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், குளோரின அது காட்டாது, கால்சியமா சோடியமான்னு தெரியாது. ஆனா நேத்து வந்த தண்ணிதான் இன்னைக்கும் வருதான்னு சொல்லிடும், எனக்கு அது போதும். சென்னைல ஒரே குழாய்ல போர், மெட்ரோ, லாரி, மழை எல்லாம் மாத்தி மாத்தி வருது. நவம்பர்ல ரெண்டு நாள் நல்ல மழை பேஞ்சா மழைநீர் சேகரிப்புக் குழி வழியா எறங்கி என் போரே 600க்கு வந்துடும்.

பேனா ஏமாந்தது ஒரே ஒரு தடவ. அசோசியேஷன்ல வாட்டர் சாஃப்ட்னர் வச்சாங்க, சோப்பு நுரைக்கலன்னு ஏகப்பட்ட புகார். அது கால்சியத்த புடிச்சுக்கிட்டு சோடியத்த விடும், மொத்த எண்ணிக்கை கிட்டத்தட்ட அதேதான், பேனா 920ன்னு சிரிக்குது, கேஎச்சும் பதினாலு. பொண்டாட்டிதான் "ஷாம்பு இப்ப நல்லா நுரைக்குதே"ன்னா. ஜிஎச் டெஸ்ட் போட்டேன், இருவது சொட்டுக்கு மேல போறது ரெண்டாவது சொட்டுலயே பச்சையாயிடுச்சு. இப்போ சாஃப்ட்னருக்கு முன்னாடி, மொட்டை மாடிக்குப் போற லைன்ல ஒரு குழாய் வச்சுக் கேட்டு வாங்கியிருக்கேன், செடிக்குன்னு சொல்லி.

டேங்க் பக்கத்துல தினசரி காலண்டர் ஒண்ணு மாட்டிருக்கேன், தண்ணி மாத்துற அன்னைக்கு அந்த தேதிலயே நம்பர எழுதிடுவேன். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் நூறுக்கு மேல வித்தியாசம் இருந்தா அன்னைக்குப் பத்து பர்சன்ட்தான், மிச்சத்துக்கு கேஎச் பாத்துட்டுத்தான் கை வைப்பேன். ஹைப்போ பாட்டில் ஃபில்டர் மேலயே ஒக்காந்திருக்கு, தேவையோ இல்லையோ ஊத்துறேன்.

போன வாரம் காலைல ஆறரைக்கு இன்டர்காம் அடிச்சுது. வாட்ச்மேன் அண்ணா. "சார், லாரி வந்திருக்கு. மீனுக்கு இன்னைக்கு மாத்தாதீங்க."