முக்கால்-க்குள்ள ஒரு கால் இருக்கு

ராஸ்பெர்ரி பை-ங்கற குட்டி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டெண்ட்-ங்கற வீட்டு ஆட்டோமேஷன் சாஃப்ட்வேர் ஓடுது, போர் மோட்டார், வாசல் லைட், ஹால் ஃபேன் மூணையும் டெலிகிராம் பாட்ல (மெசேஜ் அடிச்சா அதைப் படிச்சு வேலை செய்யற புரோகிராம்) கோத்துவிட்டாச்சு. வீட்ல எல்லாரும் தமிழ்லதான் அடிப்பாங்க, அதுக்கு பைத்தான்ல சின்னதா ஒரு ஸ்கிரிப்ட், சொல்ற நேரத்தைப் பிரிச்சு 00:45:00-னு மாத்திக் குடுத்தா போதும், ஒரு சாயங்கால வேலைனு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு.

மொத நாளே அப்பா "முக்கால் மணி நேரம் மோட்டார் ஓடட்டும்"னு போட்டாரு, 15 நிமிஷத்துல நின்னு போச்சு. டேங்க் பாதிகூட ரொம்பல, குளிக்கப் போனவரு சோப்போட நின்னு கத்துறாரு. போய் பாத்தா "கால்"னு தேடுற வரி முன்னாடி இருக்கு, முக்கால்-க்குள்ளயும் கால் இருக்குல்ல! அரை-ல நேர் எதிர், "ரெண்டரை"க்குள்ள அரை-யத் தேடினா கிடைக்கவே கிடைக்காது, அந்த அ போய் ட-வோட ஒட்டிக்குது. கடைசில ஒன்றரை, ரெண்டரை, ஒன்னேகால் எல்லாத்தையும் கையாலயே லிஸ்ட் போட்டேன்.

சரி சொல் சொல்லா வெட்டுவோம்னு ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வச்சுத் தேடிப் பிரிக்கற வழி) பக்கம் போனா அது வேற கதை. பைத்தானோட சாதா ரெஜெக்ஸ் நம்ம கொம்பு, சுழி, புள்ளி எதையும் எழுத்தா மதிக்கறதில்ல, "நிமிஷம்" குடுத்தா ந, ம, ஷம-னு மூணு துண்டா வருது. ஸ்பேஸ் வச்சே பிரிச்சுட்டேன். "நொடி"யும் படுத்துச்சு, அந்த ஒகரக் குறி ஒரே யூனிகோட் குறியீடாவும் வரும், கொம்பு தனியா துணைக்கால் தனியா ரெண்டு குறியீடாவும் வரும், கண்ணுக்கு ஒன்னுதான். என்எஃப்சி நார்மலைஸ் பண்ணி, அதாவது ரெண்டையும் ஒரே வடிவமா மாத்தினதும் அடங்கிச்சு.

அம்மா எப்பவும் "அறை மணி நேரம்"னுதான் அடிப்பாங்க. பாட் "எந்த அறை?"னு திருப்பிக் கேக்குது. பின்னாடி மணி வந்தா அறை-ய அரை-னு எடுத்துக்கோனு ஒரு வரி போட்டேன், அம்மாவத் திருத்தறத விட இது ஈஸி.

ரொம்ப யோசிக்க வச்சது "பத்து பதினஞ்சு நிமிஷம்". நான் கூட்டி 25-னு போட்டுட்டேன். ஆனா "இருபத்தி அஞ்சு"னு இடம் விட்டு அடிச்சா கூட்டத்தானே வேணும்? ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல வரப்பதான் உறைச்சுது, கூட்ட வேண்டிய இடத்துல இருபது இருபத்தி-னு மாறிடுது, நூறு நூத்தி ஆயிடுது. மாறாம பத்து-னு முழுசா நின்னா உத்தேசம், அவ்ளோதான். உத்தேசம்னா மோட்டாருக்குச் சின்ன நம்பர், லைட்டுக்குப் பெரிய நம்பர்.

அப்புறம் வேற்றுமை. "பத்து நிமிஷத்துல ஃபேன ஆஃப் பண்ணு"ன்னா 10 நிமிஷம் கழிச்சு ஆஃப், "பத்து நிமிஷத்துக்கு ஆஃப் பண்ணு"ன்னா இப்பவே ஆஃப், 10 நிமிஷம் கழிச்சு திரும்ப ஓடணும். ஸ்கூல்ல மனப்பாடம் பண்ண நாலாம் வேற்றுமை இங்க வந்து நிக்கும்னு யாரு கண்டா. "ரெண்டரை மணிக்கு"ங்கறது கடிகார நேரம், "ரெண்டரை மணி நேரத்துக்கு"ங்கறதுதான் நமக்கு வேண்டியது, அதையும் பிரிச்சாச்சு.

பாட்டியோட "செத்த நேரம் ஃபேனப் போடு"தான் பாக்கி. இப்போதைக்கு செத்த நேரம்னா 10 நிமிஷம்னு வச்சிருக்கேன், பாட்டி பத்தலைங்கறாங்க.