வட்டார லீக்கில் பதிமூன்றாவது அணியை என்ன செய்வது?

வட்டார அளவில் அமெச்சூர் கால்பந்து லீக் தொடங்குகிறவர்கள் விதிப்புத்தகத்தில் முதலில் எழுதுவது ஒரு வரி: "முதல் இரண்டு அணி மேலே, கடைசி இரண்டு அணி கீழே." டிவிஷன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்வரை அது போதும். ஊர்வாரியாகக் கிளை பிரிந்த முதல் வருடமே கணக்கு உதைக்கும்.

இந்தக் கணக்கை நீண்ட காலமாகப் போட்டு வருவது இங்கிலாந்தின் நான்-லீக் அமைப்பு. தொழில்முறை நான்கு டிவிஷன்களுக்குக் கீழே, ஸ்டெப் 1 எனப்படும் முதல் தட்டில் 24 அணிகளோடு நேஷனல் லீக். ஸ்டெப் 2-இல் வடக்கு, தெற்கு என இரண்டு. ஸ்டெப் 3-இல் நான்கு, ஸ்டெப் 4-இல் எட்டு. நேஷனல் லீக்கிலிருந்து 4 அணி இறங்கும். வடக்கு, தெற்கு ஒவ்வொன்றிலும் சாம்பியனும் பிளே-ஆஃப் வென்ற அணியும் ஏறுவதால் அங்கேயும் 4. அடுத்த தட்டுக்கு இதுவே 8, அதற்கடுத்து 16. கீழ்த்தட்டில் எத்தனை கிளை, கிளைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பெருக்கினால் வருவதுதான் மேல்தட்டில் இறங்க வேண்டிய எண்ணிக்கை. இதை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் டிவிஷன்களுக்குப் பெயர் வையுங்கள்.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் இடம் சரியாக வராது. சின்னதாக ஒரு லீக்கை எடுத்துக்கொள்வோம். மேலே 12 அணியோடு ஒரு டிவிஷன். அதன் கீழே கிழக்கு, மேற்கு, தலா 12. மூன்றாம் தட்டில் நான்கு டிவிஷன், கிழக்குக்கு இரண்டு, மேற்குக்கு இரண்டு. சாம்பியன் மட்டும் ஏறுவார். அப்படியானால் மேலிருந்து 2 அணி இறங்க வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் தலா 2 அணி இறங்க வேண்டும்.

இந்த வருடம் மேலிருந்து இறங்கிய இரண்டுமே கிழக்குப் பக்கத்து அணிகள் என்று வையுங்கள். கிழக்கில் சாம்பியன் போக 11. கடைசி இரண்டு போக 9. கீழிருந்து இரண்டு சாம்பியன்கள் வர 11. மேலிருந்து இரண்டு வந்து விழ 13. மேற்கில் அதே கணக்கு 11-இல் நின்றுவிடும்.

"ஒண்ணுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று யாராவது கமிட்டியில் சொல்வார்கள். 12 அணி இரண்டு சுற்று ஆடினால் 132 ஆட்டம், 22 வாரம். 13 ஆனால் 156 ஆட்டம், 26 வாரம். ஒற்றைப்படை என்பதால் வாரம் ஒரு அணி சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரே ஒரு அணிக்காக நான்கு வாரம் கூடுகிறது. மாறாக 11 அணி என்றால் 110 ஆட்டம், அதே 22 வாரம். ஆகவே 11 இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், 13-ஐப் பொறுக்க முடியாது.

அதனால் கிழக்கிலிருந்து ஒரு அணி மேற்குக்குப் பக்கவாட்டில் நகர்ந்தாக வேண்டும். யாரும் விரும்பிப் போகமாட்டார்கள். லண்டனிலிருந்து வெகு தூரமில்லாத பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபோர்ட் கிளப் 2023-24-இல் நேஷனல் லீக்கின் வடக்கு டிவிஷனில் ஆட நேர்ந்ததும், கீழிருந்து ஏறி வந்த அணியை எண்ணிக்கை சமன்செய்ய அங்கே போட்டதால்தான். நிரந்தரமாக ஒரு எல்லைக்கோடு போட்டு இதைத் தவிர்க்கலாம் என்று நினைத்தால் நடக்காது. ஏறும் இறங்கும் அணிகளைப் பொறுத்து கோடு வருடா வருடம் நகரும். விதியில் எழுத வேண்டியவை வேறு. தூரத்தை மேப்பில் நேர்கோடாக அளக்காமல் சாலைவழிப் பயண நேரமாக அளக்க வேண்டும். போன வருடம் நகர்த்திய அணியை இந்த வருடமும் அதன் சம்மதமில்லாமல் நகர்த்தக் கூடாது. மேல்முறையீட்டுக்கு ஒரு வாரம் கொடுத்து, அந்தத் தேதி முடிந்த பிறகே ஆட்ட அட்டவணை போட வேண்டும்.

அடுத்த வம்பு கிரவுண்ட் தகுதி. 1994-இல் கிடர்மின்ஸ்டர், 1995-இல் மாக்கிள்ஸ்ஃபீல்ட், 1996-இல் ஸ்டீவனேஜ்: மூன்று வருடம் தொடர்ச்சியாக, நேஷனல் லீக்கின் முன்னோடியான கான்ஃபரன்ஸில் சாம்பியன் ஆன அணி கிரவுண்ட் சரியில்லை என்று மேலே ஏற முடியாமல் போனது. ஸ்டீவனேஜ் கோர்ட்டுக்குப் போனது. புதிதாக வருபவர்களிடம் கேட்கும் தகுதி ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களிடம் கேட்கப்படவில்லை என்பதே அவர்கள் வாதம். அதில் நியாயம் இருப்பதாக நீதிபதிக்கே பட்டது. ஆனால் ரொம்பத் தாமதமாக வந்தீர்கள் என்று நிவாரணம் மறுத்துவிட்டார். மேலே தொழில்முறை டிவிஷனில் கடைசி இடத்தில் முடித்த டார்கீ அணி இறங்காமல் தப்பித்தது. அதனால் தகுதிப் பட்டியலை சீசன் தொடங்கும் முன்பே கையில் கொடுங்கள், உள்ளே இருப்பவர்களுக்கும் அதே பட்டியல். சோதனையை மார்ச் முடிவதற்குள் முடித்துவிடுங்கள். மே மாதம் கோப்பையோடு நிற்கிற அணியிடம் போய் "உன் கழிவறை போதாது" என்று சொல்வது அசிங்கம்.

சாம்பியன் ஏற முடியாவிட்டால் இரண்டாம் இடத்துக்கு வாய்ப்பு. அதற்கும் கீழே தேடிப் போகாதீர்கள். அப்படியும் ஆள் கிடைக்காவிட்டால், இறங்க வேண்டியவர்களில் ஒருவரை நிறுத்திவைக்கலாம். யாரை? பல கிளைகளில் அணி எண்ணிக்கை வேறுபடும் என்பதால் மொத்தப் பாயின்ட்டை ஒப்பிடக் கூடாது. ஆடிய ஆட்டங்களால் வகுத்த சராசரிப் பாயின்ட்டைத்தான் பார்க்க வேண்டும். 22 ஆட்டத்தில் 20 பாயின்ட் என்றால் 0.91, 20 ஆட்டத்தில் 19 என்றால் 0.95. மொத்தத்தில் பின்தங்கிய இரண்டாவது அணிதான் தப்பிக்கும்.

நடுவில் ஒரு அணி கலைந்துபோவது அமெச்சூர் லீக்கில் சகஜம். இங்கிலாந்து மாவட்ட லீக்குகளின் மாதிரி விதி இங்கே தெளிவு: அந்த அணி தன் ஆட்டங்களில் 75 சதவீதத்தை முடிப்பதற்குள் விலகினால் அதன் முடிவுகள் முழுவதையும் அழித்துவிடு. அழிக்காவிட்டால், அதனோடு ஆடி 3 பாயின்ட் வாங்கியவருக்கு லாபம், இன்னும் ஆடாதவருக்கு நஷ்டம். கலைந்த அணியை இறங்கும் அணிகளில் ஒன்றாக எண்ணுவதா வேண்டாமா என்பதையும் முன்பே எழுதிவையுங்கள். பிப்ரவரியில் இதைக் கேட்டால் கமிட்டி இரண்டாகப் பிளந்துவிடும்.

ஒரு கிளப்பின் இரண்டாவது அணி தனி ரகம். முதல் அணியும் இரண்டாவது அணியும் ஒரே டிவிஷனில் இருக்கக் கூடாது. முதல் அணி இறங்கி வந்தால், இரண்டாவது அணி எந்த இடத்தில் முடித்திருந்தாலும் ஒரு தட்டு கீழே போக வேண்டும். அதைவிட முக்கியம், ஆட்களை இறக்கிவிடும் தில்லுமுல்லு: சீசன் கடைசியில் முதல் அணி பத்திரமாக இருக்கும்போது அதன் சென்டர் ஃபார்வர்டும் இரண்டு மிட்ஃபீல்டரும் இரண்டாவது அணி மேலே ஏறுவதைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் திடீரென்று தோன்றுவார்கள். முதல் அணிக்கு இத்தனை ஆட்டத்துக்குமேல் ஆடியவர்களில் இத்தனை பேர்தான் கீழே ஆடலாம் என்று வரம்பு வையுங்கள். புதுப் பதிவையும் மார்ச் கடைசியோடு மூடிவிடுங்கள்.

கடைசி வாரத்து ஆறு ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 12 அணி டிவிஷனுக்கு அன்றைக்கு ஆறு கிரவுண்ட், லைன்ஸ்மேன்களையும் சேர்த்து 18 நடுவர்கள் வேண்டும். அந்த 18 பேரை அட்டவணை போடும் நாளிலேயே பிடித்துவைக்காவிட்டால் கிடைக்கமாட்டார்கள்.