சி பேப்பர் கிளியர் ஆனது: பெட்டி வரைந்து படித்த கதை

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. ரெண்டாவது செமஸ்டரில் விழுந்த சி புரோகிராமிங் அரியர், மூணாவது தடவையில் கிளியர். பி பிளஸ். அம்மாவிடம் சொல்லும்போது தொண்டை அடைத்துவிட்டது. மனசில் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் ரெண்டு தடவையும் புரோகிராம்களை மனப்பாடம் செய்துதான் போனேன். சீனியர் ஒருவர் கொடுத்த ஐம்பது புரோகிராம். பிரைம் நம்பர், பாலிண்ட்ரோம், மேட்ரிக்ஸ் பெருக்கல் எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும், முகவரியோடு வேலை செய்யும் குறிகளான * எங்கே, & எங்கே என்று கை நின்றுவிட்டது.

மாற்றம் வந்தது ஒரு சின்ன புரோகிராமில். ஒரு எண்ணை வாங்கி வர்க்கம் சொல்ல வேண்டும், பிறகு "தொடரலாமா?" என்று கேட்டு ஒய் அழுத்தினால் திரும்ப ஓட வேண்டும். என்னுடையது கேள்வியைக் காட்டியதுமே, பதிலுக்கு நிற்காமல் முடிந்துபோனது. ரெண்டு நாள் ராத்திரி அதோடு போராடினேன். இணையத்தில் பழக்கமான ஒரு அண்ணனிடம் புரோகிராமை அனுப்பினேன். அவர் திருத்தித் தரவில்லை.

"அந்த கேரக்டர் வேரியபிள்ல இப்ப என்ன இருக்கு தம்பி?"

"ஒய் தான் இருக்கும்ணா."

"இருக்கும்னு சொல்லாத. %டி போட்டு பிரிண்ட் பண்ணிப் பாரு."

போட்டேன். %டி எழுத்தை எண்ணாகக் காட்டும்; 10 என்று வந்தது. எண்ணை அடித்துவிட்டு நான் தட்டிய என்டர்தான் அந்த 10. நியூலைனின் (புது வரிக் குறி) ஆஸ்கி மதிப்பு, அதாவது கம்ப்யூட்டரில் அந்தக் குறிக்கான எண். கீபோர்டில் தட்டுவதை வாங்கும் முதல் ஸ்கேன்எஃப், எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு என்டரை பஃபரிலேயே (தட்டியது காத்திருக்கும் இடம்) விட்டுவிட்டது. அடுத்து ஒரு எழுத்தை வாங்கும் %சி வந்து அதை எடுத்துக்கொண்டது. %சி-க்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டதும் சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து எந்த வேரியபிளையும் நான் நம்பவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் அடுத்த வரி. பரீட்சை ஹாலில் கம்ப்யூட்டர் கிடையாதே, அதனால் பேப்பரில் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு பெட்டி. ஏ என்றொரு பெட்டி, உள்ளே 5, கீழே அதன் மெமரி முகவரி 1000. பி என்றொரு பெட்டி, உள்ளே 7, முகவரி 2000. ரெண்டையும் இடம் மாற்றும் ஸ்வாப் ஃபங்ஷனுக்கு மதிப்பை அனுப்பினால் 3000, 4000 என்று புதுசாக ரெண்டு பெட்டி முளைக்கும். அங்கே எவ்வளவு மாற்றினாலும் 5-ம் 7-ம் இருந்த இடத்திலேயே இருக்கும். முகவரியை அனுப்பினால் புதுப் பெட்டிகளுக்குள் 1000, 2000 இருக்கும்; அதைப் பிடித்துக்கொண்டு போய் பழைய பெட்டியையே மாற்றலாம். கால் பை வேல்யூ (மதிப்பை அனுப்புவது), கால் பை ரெஃபரன்ஸ் (முகவரியை அனுப்புவது) ரெண்டையும் தனித்தனி விடையாக நெட்டுரு போட்ட எனக்கு இது ஒரே படமாகத் தெரிந்தது.

இந்தத் தடவை பார்ட் ஏ-யில் வரிசையாக 10, 20, 30, 40 இருக்கும் அரே, அதன் முதல் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயின்டர் பி. *(பி+2), *பி+2 என்ன வரும்? ஓரத்தில் நாலு பெட்டி போட்டேன். ரெண்டு பெட்டி தள்ளிப் போனால் 30; முதல் பெட்டியின் 10-உடன் 2 கூட்டினால் 12. அரை நிமிஷம்.

யாரிடமாவது உதவி கேட்பதாக இருந்தால்:
- ஸ்கிரீனை போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். புரோகிராமை எழுத்தாகவே ஒட்டுங்கள், எரர் மெசேஜை ஒரு எழுத்து மாறாமல்.
- முதல் எரரை மட்டும் பாருங்கள். செமிகோலன் விட்டது ஒரு வரியில் இருக்கும், எரர் அடுத்த வரியைக் காட்டலாம்.
- நூறு வரியைப் பத்து வரியாக வெட்டிவிட்டுக் கேளுங்கள். பாதி நேரம் வெட்டும்போதே தப்பு சிக்கிவிடும்.
- சி கம்பைலரான ஜிசிசி-யில் எல்லா வார்னிங்கையும் ஆன் செய்யுங்கள். ஸ்கேன்எஃப்-இல் & போடாமல் விட்டதை, இஃப்-க்குள் == வர வேண்டிய இடத்தில் = போட்டதை அதுவே சொல்லும்.
- முழு புரோகிராமும் கிடைத்துவிட்டால் ஒருமுறை படித்து மூடிவிட்டு நீங்களே எழுதுங்கள்.

அஞ்சாவது யூனிட்டில் ரேண்டம் ஆக்சஸும் (ஃபைலில் வேண்டிய இடத்துக்கு நேரே போவது) கமாண்ட் லைன் ஆர்கியூமென்டும் (புரோகிராமை ஓட்டும்போதே மதிப்பைக் கொடுப்பது) மட்டும்தான் படித்தேன். மனப்பாடம் நன்றாக வருகிறவர்கள் முழுசாகப் படிக்கலாம். நான் கையால் வரைந்தால்தான் மனசில் நிற்கும் ஆள்.

ராத்திரி அந்த அண்ணனுக்கு ரிசல்டை அனுப்பினேன். "சந்தோஷம் தம்பி. டேட்டா ஸ்ட்ரக்சர் அரியர் இன்னும் நிக்குதுல்ல? லிங்க்டு லிஸ்ட்ல ஆரம்பி" என்றார். லிங்க்டு லிஸ்டில் ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும்; காலையில் நோட்டில் மூணு பெட்டி வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறேன். கடைசிப் பெட்டியில், அடுத்து எதுவும் இல்லை என்று சொல்லும் நல் (NULL).