பெயரோடு பதிப்பையும் சொல்லுங்கள்

பிடித்த ஆல்பம், நாவல் என்று பட்டியல் போடும்போது எந்தப் பதிப்பு என்றும் சேர்த்து எழுதுங்கள். நிஜமாகவே அது முக்கியம்.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) ஆல்பம். ஜாஸ் பக்கமே போகாதவருக்கும் தயங்காமல் கொடுக்கலாம். ஐந்தே டிராக், முக்கால் மணி நேரம். ஒலிப்பதிவின்போது டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியதால், சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது இசைத்தட்டின் முதல் பக்கத்து மூன்று டிராக்குகளும் கொஞ்சம் சுருதி ஏறி ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அது சரியானது. பழைய தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகினால் உங்கள் வாத்தியத்தின் சுருதி மேலேயே சந்தேகம் வந்துவிடும்! ஆப்பில் கேட்பதானால் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் கலந்து ஒலிக்கவிடும் க்ராஸ்ஃபேடை 0 நொடிக்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது டிராக்கின் மெல்லிய பியானோ தொடக்கம், முந்தைய டிராக்கின் வாலில் மூழ்கிப்போகும்.

நாவலில் மேரி ஷெல்லியின் 'ஃப்ராங்கன்ஸ்டைன்'. 1818 பதிப்பில் எலிசபெத், ஓர் உயிரை உருவாக்கும் கதாநாயகன் விக்டரின் அத்தை மகள். 1831 பதிப்பில் விக்டரின் குடும்பம் எடுத்து வளர்க்கும் பெண். பின்னதில் விதியின் கை ஓங்கியிருக்கும். முதல் வாசிப்புக்கு 1818தான் என் தேர்வு, விக்டரின் பொறுப்பு அதில் கூர்மையாகத் தெரியும். அட்டையில் ஆண்டு இல்லையா? அத்தியாய எண்களைப் பாருங்கள். 1 முதல் 24 வரை நேராகப் போனால் 1831. மூன்று பாகமாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 1இலிருந்து தொடங்கினால் 1818.

தொடக்கத்தில், கப்பல் பயணம் கிளம்பும் வால்டன் என்பவர் எழுதும் நான்கு கடிதங்கள் வரும். பலர் அங்கேயே மூடிவைத்துவிடுகிறார்கள். தாண்டிப் போய்விடாதீர்கள், முடிவு அந்தக் கப்பலில்தான்.